வரிசையை மட்டும் வைத்துக்கொண்டு குவிவுச் சார்பைப் பிடிப்பது எப்படி

எம்.எஸ்சி. கணிதம் படிக்கிற பிள்ளைகள் குவிவுச் சார்புகள் (வரைபடத்தின் எந்த இரண்டு புள்ளிகளை இணைத்தாலும் அந்தக் கோட்டுத் துண்டு வரைபடத்துக்குக் கீழே இறங்காத சார்புகள்) பாடத்தில் ஒரு தேற்றத்துக்கு வந்ததும் அப்படியே நின்றுவிடுகிறார்கள். ஒரு குவிவுச் சார்பைக் கொடுத்தால் இன்னொரு குவிவுச் சார்பைத் திருப்பித் தரும் உருமாற்றம் ஒன்று இருக்கிறது. அதைப் பற்றி நமக்குத் தெரிந்தது, பெரியது சிறியது என்கிற வரிசையை அது அப்படியே காக்கிறது, அல்லது தலைகீழாக்குகிறது என்பது மட்டும்தான். தொடர்ச்சி பற்றி ஒரு வார்த்தை இல்லை, நேரியல்பு பற்றியும் இல்லை. அப்படியும் அந்த உருமாற்றத்தை ஒரே வரியில் எழுதிவிடலாம் என்கிறது தேற்றம். 2009இல் ஷிரி ஆர்ட்ஸ்டைன்-அவிடான், விட்டாலி மில்மன் இருவரும் இதை 'ஆனல்ஸ் ஆஃப் மேதமேடிக்ஸ்' இதழில் வெளியிட்டார்கள்.

காரைக்குடியில் எங்கள் வீட்டு முகப்பில் ஞாயிற்றுக்கிழமைகளில் தேவகோட்டை, கோட்டையூர், பள்ளத்தூர் பக்கமிருந்து சில பிள்ளைகள் வருவார்கள். அவர்களுக்கு நான் சொல்லிக்கொடுக்கும் வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன். இது பாடப்புத்தக வரிசை இல்லை. புத்தகம் லெஜாந்தர் உருமாற்றத்தில் தொடங்கி அதையே சுற்றிக்கொண்டிருக்கும். என் கணக்கில் லெஜாந்தரைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் தள்ளி வைத்துவிட வேண்டும். நிரூபணத்தின் உயிர் வேறு இடத்தில் இருக்கிறது. அந்த இடத்தை ஊசி என்று சொல்வேன். பின்னால் வரும்.

மாறிகளுக்குத் தமிழ் எழுத்தையே வைத்துக்கொள்கிறேன். சார்பு ச, மாறி எ, உருமாற்றம் மா. பழகிக்கொள்ளுங்கள்.

முதலில் எந்தக் கூட்டத்தில் நிற்கிறோம் என்று எழுதிக்கொள்ளுங்கள். ச என்பது குவிவுச் சார்பு. அதன் மதிப்பு மெய்யெண்ணாகவோ +∞ ஆகவோ இருக்கலாம். ஒரு இடத்திலாவது மெய்யெண்ணாக இருக்க வேண்டும். வரைபடத்தின் மேலே உள்ள பகுதி, அதாவது ச(எ) ≤ க ஆக இருக்கும் (எ, க) புள்ளிகள் எல்லாம் சேர்ந்த கணம், மூடிய கணமாக இருக்க வேண்டும். அந்தக் கணத்துக்கு எபிகிராஃப் என்று பெயர். ச ≤ த என்றால் ஒவ்வொரு எ-யிலும் ச(எ) ≤ த(எ). அவ்வளவுதான் வரிசை. ∞ என்கிற மதிப்பைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள். இந்தக் கணக்கில் வேலை செய்யப்போவதே அதுதான்.

இப்போது லெஜாந்தரைத் தொட்டுப் பார்ப்போம். ஆத்தங்குடிக்கு ஒருமுறை போய் கல் வார்ப்பதைப் பாருங்கள். கண்ணாடித் துண்டின் மேல் சட்டம், சட்டத்துக்குள் பூ வடிவ அச்சு. அச்சின் அறைகளில் வண்ணச் சிமென்ட்டுக் கரைசலைக் கரண்டியால் ஊற்றுகிறார்கள். அச்சைத் தூக்கியதும் வண்ணங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கும், ஆனால் கலக்காது. மேலே உலர்ந்த சிமென்ட்டு மணல் தூவல், அதன் மேல் ஈரக் கலவை, அப்புறம் தண்ணீர்த் தொட்டி, வெயில். எல்லாம் கை வேலை. தொட்டியில் இருக்கிற இடம் கொஞ்சம்தான். வெயில் முற்றமும் அப்படித்தான். ஆகவே ஒரு நாளைக்கு நூறு கல் போடும்போது ஒரு கல்லுக்கு ஆகிற கூடுதல் செலவை விட, இருநூறாவது கல்லுக்கு மேல் ஒவ்வொரு கல்லுக்கும் ஆகிற கூடுதல் செலவு அதிகம். கூடுதல் செலவு ஏறிக்கொண்டே போனால் செலவுச் சார்பு குவிவு.

எ அளவு கல் போட ஆகும் செலவு செ(எ) என்று வைப்போம். கல் விலை வி. கையில் நிற்பது வி·எ − செ(எ). எ-யை நம் விருப்பத்துக்கு மாற்றி இதை எவ்வளவு பெரிதாக்க முடியுமோ அதுதான் லாபம்:

லா(வி) = எ எல்லாவற்றின் மேலும் (வி·எ − செ(எ)) இன் மீச்சிறு மேல் எல்லை.

இந்த லா-தான் செ-யின் லெஜாந்தர் உருமாற்றம். 1787இல் லெஜாந்தர் வகையிடத்தக்க சார்புகளுக்குச் செய்தார். 1949இல் வெர்னர் ஃபென்செல் எல்லாக் குவிவுச் சார்புகளுக்கும் பொருந்துகிற மாதிரி எழுதினார். நாம் இதை செ* என்று எழுதுவோம். பட்டறையில் எ குறை எண்ணாக இருக்க முடியாது என்பது சரி. தாளில் எ-யை எல்லா மெய்யெண்களிலும் ஓடவிடுகிறோம்.

ஒரு கணக்கு. செ(எ) = எ²/2 என்றால் வி·எ − எ²/2 உச்சம் தொடுவது எ = வி-யில்; செ*(வி) = வி²/2. சிமென்ட்டும் கூலியும் ஏறி செலவு எ² ஆனால் உச்சம் எ = வி/2-இல்; லாபம் வி²/4. விலை 4 என்று வையுங்கள். முன்பு லாபம் 8, இப்போது 4. செலவு எல்லா அளவிலும் கூடினால் லாபம் எல்லா விலையிலும் குறையும், அல்லது அப்படியே நிற்கும். வரிசை தலைகீழாவது இதுதான். நிரூபணமும் இதே வாக்கியம்தான்: பெரிய சார்பைக் கழித்தால் மிஞ்சுவது சிறியது, சிறியதின் உச்சமும் சிறியது.

தாளில் இன்னும் இரண்டைக் கையால் போட்டுவிடுங்கள். |எ|-இன் லெஜாந்தர், −1 முதல் 1 வரை 0, வெளியே ∞. அ என்ற ஒரே புள்ளியில் மதிப்பு க, மற்ற எல்லா இடத்திலும் ∞ ஆக இருக்கும் சார்பின் லெஜாந்தர் அ·வி − க, அதாவது ஒரு நேர்கோடு. இந்த இரண்டாவது சார்புக்குத்தான் ஊசி(அ, க) என்று பெயர் வைத்திருக்கிறேன்.

கூடவே இந்த ஐந்து விதிகளையும் மனப்பாடம் செய்துவிடுங்கள், பிற்பாடு தேவைப்படும். மாறிலி க-வைக் கூட்டினால் லெஜாந்தரில் க கழியும். ச(எ − அ) ஆக நகர்த்தினால் ச*(வி) + அ·வி. ச(எ) + ப·எ ஆனால் ச*(வி − ப). நேர் எண் ம-ஆல் பெருக்கினால் ம·ச*(வி/ம). ச(த·எ) என்றால் ச*(வி/த), த பூச்சியம் ஆகக் கூடாது. பல மாறிகள் இருந்தால் வகுத்தலுக்குப் பதில் த அணியின் நேர்மாறை இடமாற்றிப் போட வேண்டும். ஐந்தையும் ஒருமுறையாவது வரையறையிலிருந்து நீங்களே வருவியுங்கள். ஒவ்வொன்றும் இரண்டு வரிதான்.

இனி லெஜாந்தர் தூங்கட்டும்.

தேற்றத்தின் நிபந்தனையைப் படிக்கும்போது பிள்ளைகள் வழுக்கும் இடம் ஒன்று உண்டு. மா வரிசையைக் காக்கிறது என்றால் மட்டும் போதாது. மா ஒன்றுக்கொன்றாக இருக்க வேண்டும், நம் கூட்டத்தில் இருக்கிற ஒவ்வொரு சார்பையும் தொட வேண்டும், அதன் நேர்மாறும் வரிசையைக் காக்க வேண்டும். மாச = ச, 0 இரண்டில் பெரியது என்று வைத்துப் பாருங்கள். வரிசை காக்கப்படுகிறது, குவிவும் போகவில்லை. ஆனால் 0-க்குக் கீழே இருந்ததெல்லாம் நசுங்கிவிட்டது. இன்னும் நயமான உதாரணம்: மாச = 2^ச. ச குவிவு என்றால் 2^ச-வும் குவிவு. ச ≤ த ஆக இருந்தால் 2^ச ≤ 2^த. திருப்பிப் போட்டாலும் உண்மை. ஒன்றுக்கொன்றும்கூட. ஆனால் தேற்றம் சொல்கிற வடிவத்தில் அது இல்லை. காரணம், 2^ச எப்போதும் 0-க்கு மேலே. மற்ற சார்புகளைத் தொடவே இல்லை. தேர்வில் எதிர் உதாரணம் கேட்டால் இதை எழுதுங்கள். முதல் உதாரணத்தை எல்லாரும் எழுதுவார்கள்.

இப்போது ஊசிக்கு வருவோம்.

வரிசை மட்டும் கையில் இருக்கும்போது கேட்கக்கூடிய கேள்விகள் கொஞ்சம்தான். "இந்தச் சார்பு வகையிடத்தக்கதா?" என்று கேட்க முடியாது, அது வரிசைக்குத் தெரியாது. "இதற்கு மேலே யார் யார் இருக்கிறார்கள்? அவர்கள் எல்லாரும் ஒருவரோடொருவர் ஒப்பிடத்தக்கவர்களா?" என்று கேட்கலாம். இந்த ஒரு கேள்வி போதும்.

ஊசி(அ, க)-வுக்கு மேலே இருப்பவை எவை? அ-வைத் தவிர வேறெங்கும் மெய்யெண் மதிப்பு எடுக்க முடியாதவை. அ-வில் மதிப்பு க அல்லது அதற்கு மேல். அதாவது அதே அ-வில் நிற்கும், இன்னும் உயரமான ஊசிகள். எந்த இரண்டை எடுத்தாலும் ஒன்று மற்றதற்கு மேலே. சங்கிலி மாதிரி ஒரே வரிசை. மாறாக ச என்பது அ, இ என்ற இரண்டு வெவ்வேறு புள்ளிகளில் மெய்யெண் மதிப்பு எடுக்கிறது என்றால், ஊசி(அ, ச(அ)), ஊசி(இ, ச(இ)) இரண்டுமே ச-வுக்கு மேலே இருக்கும். அ-வில் முதலாவது சிறியது, இ-யில் இரண்டாவது சிறியது; ஒப்பிட முடியாது. ஆக, தனக்கு மேலே இருப்பவர்கள் ஒரே சங்கிலியாக நிற்கும் சார்புகள் ஊசிகள் மட்டுமே.

இதைச் சொன்னதும் ஒரு பையன், "அப்ப மா ஊசிய ஊசிக்குத்தான் அனுப்பணும், வேற வழியே இல்ல, மேடம்" என்றான். அதேதான். சங்கிலி என்பது வரிசையால் மட்டுமே சொல்லப்பட்ட குணம்; இருபுறமும் வரிசையைக் காக்கும் மா அதைக் கெடுக்க முடியாது.

அடுத்தது, ஒரே அ-வில் நிற்கும் இரண்டு ஊசிகள் ஒப்பிடத்தக்கவை. வெவ்வேறு இடத்தில் நிற்பவை ஒப்பிடத்தக்கவை அல்ல. எனவே ஒரே அ-வில் நின்ற ஊசிகள் எல்லாம் மா-வுக்குப் பிறகும் ஒரே அ′-இல் நிற்கும். உயரம் க, க′ ஆக மாறும். க ஏறினால் க′-உம் ஏறும். இப்படி (அ, க) என்ற புள்ளியை (அ′, க′) என்ற புள்ளிக்கு அனுப்பும் ஒரு சாதாரணச் சார்பு கிடைத்துவிட்டது. அதற்கு ந என்று பெயர் வையுங்கள். சார்புகளின் பிரம்மாண்டமான கூட்டத்தில் நடந்துகொண்டிருந்த விஷயம் இப்போது வெறும் புள்ளிகளில் நடக்கிறது. ஒரு மாறி என்றால் தாளில் வரையக்கூடிய தளம்.

(அ, க) என்பது ச-வின் எபிகிராஃபில் இருக்கிறது என்பதும், ச ≤ ஊசி(அ, க) என்பதும் ஒன்றுதான். ஆக ந, ச-வின் எபிகிராஃபை அப்படியே மாச-வின் எபிகிராஃபுக்குக் கொண்டுபோகிறது. இதைப் பெட்டி கட்டி எழுதுங்கள், மதிப்பெண் இங்கேதான்.

எங்கள் முகப்புத் தரை ஆத்தங்குடிக் கல். கற்களின் சந்துகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுவதால் வரைபடத் தாள் தனியாக வேண்டாம். சாக்பீஸால் ஒரு கல் மூலையில் (அ, க), நாலு கல் தள்ளி வேறு உயரத்தில் (இ, ங) என்று இரண்டு புள்ளி வைக்கச் சொல்வேன். இரண்டு ஊசிகளுக்கும் கீழே இருக்கும் குவிவுச் சார்புகளில் மிகப் பெரியது எது? குவிவு என்பதால் இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் நேர்கோட்டுக்கு மேலே எழ முடியாது. மிகப் பெரியது வேண்டும் என்பதால் கோட்டின் மேலேயே இருக்கும்; வெளியே ∞. அதன் எபிகிராஃப், அந்தக் கோட்டுத் துண்டை அடியாக வைத்து மேல்நோக்கி முடிவில்லாமல் போகும் பட்டை. அந்தப் பட்டையைச் சாக்பீஸைப் படுக்கவைத்துத் தேய்த்து நிரப்பிவிடச் சொல்வேன். நிரப்பினால்தான் அடி விளிம்பு கண்ணுக்குத் தெரியும். (ஆச்சி வந்து பார்த்தால் தரையைத் துடைக்கச் சொல்வார். அது வேறு விஷயம்.)

"இரண்டுக்கும் கீழே இருப்பவற்றில் மிகப் பெரியது" என்பதும் வரிசை மட்டுமே. ஆகவே மா அதைக் காக்கும். ந, பட்டையைப் பட்டைக்கு அனுப்புகிறது. ஒவ்வொரு செங்குத்துக் கோட்டிலும் மிகத் தாழ்ந்த புள்ளி, போன இடத்திலும் மிகத் தாழ்ந்த புள்ளியாகவே இருக்கும், ஏனென்றால் உயரத்தின் வரிசை மாறவில்லை. ஆகவே அடி விளிம்பு அடி விளிம்புக்குப் போகிறது. கோட்டுத் துண்டு கோட்டுத் துண்டாகிறது. செங்குத்துத் துண்டுகளுக்கு இது முன்பே தெரியும்.

நேர்கோடுகளை நேர்கோடுகளுக்கே அனுப்பும் இருபுறச் சார்பு (ஒன்றுக்கொன்றாகவும் எல்லாப் புள்ளிகளையும் தொடுவதாகவும் இருப்பது), மெய்யெண் தளத்திலோ அதற்கு மேற்பட்ட பரிமாணத்திலோ, அஃபைன் ஆகத்தான், அதாவது ஒரு நேரியல் உருமாற்றமும் ஒரு நகர்த்தலும் சேர்ந்ததாகத்தான் இருக்க முடியும். அஃபைன் வடிவியலின் அடிப்படைத் தேற்றம் அது. எடுத்துக்காட்டிப் பயன்படுத்தலாம், நிரூபிக்க வேண்டியதில்லை. ஒரு பரிமாணத்தில் இது பொய். எ-யை எ³-க்கு அனுப்பினாலும் கோடு கோடுதான், அஃபைன் இல்லை. ஒரு மாறிச் சார்புக்கு மாட்டிக்கொள்ள மாட்டோமா என்று கேட்பார்கள். மாட்டோம். ந இயங்குவது எ-யில் மட்டும் இல்லை, எ-யும் உயரமும் சேர்ந்த தளத்தில். உயரம் இலவசமாக ஒரு பரிமாணம் தருகிறது.

மிச்சம் எழுத்து வேலை. செங்குத்துக் கோடு செங்குத்தாகவே போவதால் அ′-க்கு க தெரியாது: அ′ = த·அ + ப. உயரம்: க′ = ம·க + ன·அ + ர, ம > 0. எபிகிராஃபில் போட்டுப் படித்தால்

(மாச)(த·எ + ப) = ம·ச(எ) + ன·எ + ர.

வரிசையைக் காக்கும் உருமாற்றம் என்றால் இவ்வளவுதான். இடத்தை நகர்த்து, நீட்டு, உயரத்தைப் பெருக்கு, ஒரு நேர்கோட்டைக் கூட்டு. வேறு வித்தை கிடையாது.

வரிசையைத் திருப்பும் மா வந்தால்? தூங்கிக்கொண்டிருக்கும் லெஜாந்தரை எழுப்புங்கள். மா ஒருமுறை திருப்புகிறது, * ஒருமுறை திருப்புகிறது; ச-வை (மாச)*-க்கு அனுப்புவது வரிசையைக் காக்கிறது. மேலே உள்ள வடிவம் அதற்குப் பொருந்தும். ச** = ச என்பது ஃபென்செல்–மோரோ தேற்றம், நம் கூட்டத்தை மூடிய எபிகிராஃப் என்று கட்டுப்படுத்தியது இதற்காகத்தான். மறுபடி * போட்டு, அந்த ஐந்து விதிகளை ஒவ்வொன்றாகத் தட்டினால் மாச என்பது ச*-ஐ நகர்த்தி, நீட்டி, நேர்கோடு கூட்டியது என்று வந்து நிற்கும். புதிய நிரூபணம் எதுவும் வேண்டாம். இதற்காகத்தான் லெஜாந்தரைக் கடைசியில் வைத்தேன்.

இருமுறை செய்தால் பழையபடி ச கிடைக்க வேண்டும் என்று நிபந்தனை கூடினால் (மா-வை இருமுறை எழுதினால் மாமா என்று வரும், சிரித்து முடித்துவிட்டுத் தொடருங்கள்) வடிவம் இன்னும் இறுகும்:

(மாச)(எ) = ச*(த·எ + ப) + ப·எ + ர.

கோட்டின் சாய்வும் உள்ளே இருக்கும் நகர்வும் ஒரே ப. பல மாறிகளில் த சமச்சீர் அணி, நேர்மாறு உள்ளது. ஒரு மாறியில் சரிபாருங்கள்: மாச-வின் லெஜாந்தர் ச((வி − ப)/த) − ப(வி − ப)/த − ர. இதில் வி-க்குப் பதில் த·எ + ப போட்டு, ப·எ + ர கூட்டினால் எல்லாம் அடிபட்டு ச(எ) மட்டும் நிற்கும். இரண்டு ப-வும் வெவ்வேறாக இருந்தால் அடிபடாது. செய்து பார்த்தால்தான் நம்பிக்கை வரும்.

ஒரு எச்சரிக்கை. கூட்டத்தை மாற்றினால் விடையும் மாறும். குறை மதிப்பே எடுக்காத, ச(0) = 0 ஆக இருக்கும் குவிவுச் சார்புகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே ஜே என்று ஒரு உருமாற்றம் உண்டு: (ஜேச)(எ) என்பது, ச(எ/க) ≤ 1/க ஆகும் நேர் எண் க-க்களின் மீப்பெரு கீழ் எல்லை. |எ|³-ஐப் போடுங்கள். |எ|³/க³ ≤ 1/க, அதாவது க² ≥ |எ|³. விடை |எ|-இன் ஒன்றரை அடுக்கு. 4|எ|³-ஐப் போட்டால் அதன் இரண்டு மடங்கு. வரிசை காக்கப்படுகிறது. ஆனால் மூன்றாம் அடுக்கை ஒன்றரை அடுக்காக்குவது எந்த நகர்த்தலிலும் நீட்டலிலும் வராது. எங்கே உடைந்தது? ஜே-க்குப் பின்னால் இருக்கும் புள்ளிச் சார்பு (எ, க)-வை (எ/க, 1/க)-வுக்கு அனுப்புகிறது. அதுவும் கோட்டைக் கோடாகவே வைக்கிறது. ஆனால் அது க > 0 என்ற பாதித் தளத்தில் மட்டுமே உயிரோடு இருக்கிறது. முழுத் தளம் இல்லாததால் அடிப்படைத் தேற்றம் கை கொடுக்காது, வீழ்ப்பு வடிவியலின் பின்ன உருமாற்றங்கள் உள்ளே நுழைந்துவிடுகின்றன. அதே இருவரும் 2011இல் இந்தக் கூட்டத்துக்குக் கணக்குத் தீர்த்தார்கள்: வரிசையைத் திருப்புபவை லெஜாந்தர் வகை ஒன்று, துருவ வகை (லெஜாந்தரோடு ஜே-யைச் சேர்த்தது) ஒன்று, ஆக அடிப்படையில் இரண்டு. கேள்வியில் "எந்தக் கூட்டம்" என்ற வரியை இரண்டுமுறை படிக்கச் சொல்வது இதனால்தான்.

மேலே படிக்க நினைப்பவர்களுக்கு, முடிவிலாப் பரிமாணத்தில், பானாக் வெளிகளில், அல்ஃப்ரெடோ யூசெம், டேனியல் ரீம், பெனார் ஸ்வைட்டர் மூவரும் 2015இல் செய்திருக்கிறார்கள். அங்கே வரிசையைத் திருப்பும்போது சார்பு இரட்டை வெளிக்கு, அதாவது தொடர்ச்சியான நேரியல் சார்புகளின் வெளிக்கு, குடிபோய்விடும். தொடர்ச்சியை யாரும் கேட்காமலே அங்கேயும் தொடர்ச்சி வந்து சேருகிறது. கட்டுரை இணையத்தில் கிடைக்கவில்லை என்றால் நூலகத்தில் கேளுங்கள். இந்தப் பக்கத்து அழகப்பச் செட்டியார் 1950இல் சென்னையில் ராமானுஜன் பெயரில் கணித ஆய்வுக்கென்றே ஒரு நிறுவனம் தொடங்கியவர். அவர் பெயரில் பல்கலைக்கழகம் வைத்துக்கொண்டு கணித இதழ் கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.

கடைசியாக, அடுத்த ஞாயிறு வருவதற்குள் செய்து பார்க்க ஒன்று. ச* = ச ஆக இருக்கும் குவிவுச் சார்பு எ²/2 ஒன்று மட்டும்தான் என்று நிரூபியுங்கள். வகையிடக் கூடாது. வரையறையிலிருந்து ச(எ) + ச*(வி) ≥ வி·எ. வி-யின் இடத்தில் எ-யைப் போட்டால் 2ச(எ) ≥ எ², அதாவது ச ≥ எ²/2. இப்போது இரண்டு பக்கமும் * போடுங்கள். வரிசை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்து மிச்ச ஒரு வரியை நீங்களே எழுதுங்கள்.